சோடியம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் நியூரான் நிரம்பிவிடாதா?

விலங்கியல்_மாணவி

நியூரானின் (நரம்பு செல்லின்) படம் போட்டுப் பாகம் குறிக்கத் தெரியும். செல் உடல், டென்ட்ரைட் (சேதி வாங்கும் கிளை), ஆக்சான் (சேதி கொண்டுபோகும் நீண்ட இழை), அதைச் சுற்றிய மயலின் உறை, நடுநடுவே உறை விட்டுப்போன ரேன்வீர் கணு எல்லாம் வரும். செயல்நிலை மின்னழுத்தத்தின் (ஆக்சானில் ஓடும் மின் துடிப்பின்) வளைகோடும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நாலு இடத்தில் உதைக்கிறது.

1) ஒவ்வொரு துடிப்பிலும் சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே. நொடிக்கு 100 தடவை துடிக்கும் நியூரானில் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பக்கமும் சமமாகிவிடாதா? சோடியம்-பொட்டாசியம் பம்ப்தான் ஒவ்வொரு தடவையும் மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகிறது என்று ஒரு குறிப்பில் படித்தேன். பம்ப் அவ்வளவு வேகமாக ஓடுமா?

2) துடிப்பு ஆக்சானில் ஒரே திசையில் போவது ஏன்? பாதி வழியில் திரும்ப எது தடை?

3) எல்லாத் துடிப்பும் ஒரே உயரம் என்றால், மெல்லத் தொட்டதற்கும் அழுத்திப் பிடித்ததற்கும் வேறுபாடு எப்படித் தெரிகிறது?

4) சினாப்ஸில், அதாவது நியூரான் அடுத்த செல்லைச் சந்திக்கும் இடத்தில், மின்னழுத்தத்தை வேதிப்பொருளாக மாற்றி, மறுபடி மின்னழுத்தமாக மாற்றுவது சுற்று வழியாகப் படுகிறது. இரண்டு செல்லும் நேரடியாக ஒட்டிக்கொண்டால் என்ன?

தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

அயனிக்கணக்கு

முதல் கேள்விக்குக் கணக்கே போட்டுவிடலாம். வார்த்தையில் விளக்குவதைவிட அதுதான் தெளிவு.

செல் சவ்வு ஒரு மின்தேக்கி. சதுர சென்டிமீட்டருக்கு அதன் கொள்திறன் ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட். மின்னழுத்தத்தை மைனஸ் 70-லிருந்து பிளஸ் 30 வரை, அதாவது 100 மில்லிவோல்ட் நகர்த்த வேண்டும். கொள்திறனை மின்னழுத்தத்தால் பெருக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கூலும்பில் கோடியில் ஒரு பங்கு மின்னூட்டம் போதும் என்று வரும். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையான செல்லின் பரப்புக்கு அதைக் கணக்கிட்டால் சுமார் 80 லட்சம் அயனிகள். பெரிய எண் மாதிரித் தெரியும். ஆனால் அதே செல்லுக்குள் லிட்டருக்கு 140 மில்லிமோல் அடர்வில் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் சுமார் 35,000 கோடி. ஆக ஒரு துடிப்பில் போவது 45,000-ல் ஒரு பங்கு. நிஜத்தில் சோடியம் நுழைவதும் பொட்டாசியம் வெளியேறுவதும் கொஞ்ச நேரம் ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பதால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கடக்கும். இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் அடர்வு அசையாது.

அதாவது துடிப்பில் மாறுவது மின்னழுத்தம். அடர்வு அநேகமாக அப்படியே நிற்கிறது. இந்த ஒரு வரி மனதில் படிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பம்ப் பற்றி நீங்கள் படித்த குறிப்பு தவறு. இது பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும் தவறு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பம்ப் ஒரு சுற்றில் ஒரு ஏ.டி.பி.யைச் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவழித்து 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் பிடிக்கும். துடிப்போ 1 மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது. திறந்த ஒற்றைச் சோடியம் கால்வாய் (சவ்விலுள்ள அயனித் துளை) வழியாக அந்த ஒரு மில்லிசெகண்டில் ஆயிரக்கணக்கில் அயனிகள் பாயும். பம்ப் அந்தப் போட்டியிலேயே இல்லை. மின்னழுத்தத்தைக் கீழே இறக்குவது இரண்டு விஷயங்கள்: சோடியம் கால்வாய்கள் தாமாகவே அடைபடுவது, பொட்டாசியம் கால்வாய்கள் சற்றுத் தாமதமாகத் திறப்பது.

இதற்குச் சோதனைச் சான்று உண்டு. கணவாயின் ராட்சத ஆக்சான் அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் கொண்டது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் நரம்புத் துடிப்புக்கான தங்கள் சமன்பாடுகளை எழுதியது அதை வைத்துத்தான். பின்னால் அந்த ஆக்சானின் உள்ளடக்கத்தைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு வெறும் பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பிப் பார்த்தார்கள். ஏ.டி.பி. இல்லை, பம்ப் ஓட வழியில்லை. துடிப்பு ஒழுங்காக வந்தது.

ஓய்வுநிலை மின்னழுத்தத்துக்கும் இதே கதைதான். பம்ப் நேரடியாகச் சேர்ப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. பெரும்பங்கு, எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும் பொட்டாசியம் கால்வாய்களால் வருகிறது. அடர்வு வேறுபாட்டை ஈடுகட்டும் மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில், 37 டிகிரியில் வெளியே 5, உள்ளே 140 மில்லிமோல் என்று போட்டால் பொட்டாசியத்தின் சமநிலை மைனஸ் 89 மில்லிவோல்ட். சோடியத்துக்கு வெளியே 145, உள்ளே 12 என்றால் பிளஸ் 67. ஓய்வில் சவ்வு பெரும்பாலும் பொட்டாசியத்துக்கே வழிவிடுகிறது. சோடியம் துளி கசிகிறது. அதனால்தான் மைனஸ் 89-ல் நிற்காமல் மைனஸ் 70 பக்கம் வந்து நிற்கிறது.

உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில். செல்லுக்கு வெளியே உள்ள இடம் மிகக் குறுகல். மூளையின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். வழக்கமாக அங்கே பொட்டாசியம் சில மில்லிமோல் அளவே இருப்பதால், பல செல்கள் சேர்ந்து தொடர்ந்து துடித்தால் அந்த எண் சட்டென்று ஏறும். வெளிப் பொட்டாசியம் 4-லிருந்து 8 ஆனாலே அதன் சமநிலை மைனஸ் 95-லிருந்து மைனஸ் 76-க்கு வந்துவிடும். முதலில் நியூரான்கள் எளிதில் தூண்டப்படும். இன்னும் ஏறினால் சோடியம் கால்வாய்கள் அடைபட்ட நிலையிலேயே மாட்டிக்கொண்டு துடிப்பே நின்றுபோகும். இதைச் சரிப்படுத்தும் வேலை பம்புக்கும், பக்கத்தில் நிற்கும் ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்களுக்கும்.

---

கணு_விட்டு_கணு

இரண்டாவது கேள்வி. ஆக்சானுக்கு என்று சொந்தமாக ஒரு திசை கிடையாது. நடுவில் ஒரு மின்முனையை வைத்துத் தூண்டினால் துடிப்பு இரண்டு பக்கமும் ஓடும். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் தினமும் பயன்படுவது இந்தப் பண்புதான். ஒரு முனையில் தொடங்கிய துடிப்பு திரும்பி வராமல் இருப்பதற்குக் காரணம், அது கடந்து வந்த இடத்தில் சோடியம் கால்வாய்கள் அடைபட்டுக் கிடப்பது. பட்டாசுத் திரியில் எரிந்துபோன பக்கம் தீ திரும்பாதது போல. வேறுபாடு என்னவென்றால் இந்தத் திரி 1-2 மில்லிசெகண்டில் மறுபடி புதிதாகிவிடும். மின்னழுத்தம் கீழே இறங்கினால்தான் கால்வாய்கள் அந்த அடைப்பிலிருந்து மீளும், இறங்காவிட்டால் மீளாது. மேலே சொன்ன பொட்டாசியம் பிரச்சினையின் உள்விவரம் இதுதான்.

துடிப்பு செல் உடலில் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்சான் புறப்படும் இடத்தை ஒட்டி 20 முதல் 60 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஒரு தொடக்கப் பகுதி இருக்கிறது. ஆங்கிரின்-ஜி என்ற புரதம் அங்கே சோடியம் கால்வாய்களை நெருக்கமாக நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. செல் உடலைவிடப் பல மடங்கு அடர்த்தி. தூண்டல் வரம்பு (துடிப்பு கிளம்பத் தேவையான மின்னழுத்தம்) அங்கேதான் மிகக் குறைவு, சுமார் மைனஸ் 55. அங்கே பிறந்த துடிப்பு ஒரு பக்கம் ஆக்சானில் இறங்குகிறது. மறுபக்கம் செல் உடலுக்கும் டென்ட்ரைட்டுக்கும்கூடப் பின்னோக்கிப் போகிறது. படங்களில் ஒற்றை அம்புக்குறி போடுவதால் இது தெரியாமல் போகிறது.

மயலின் பற்றி ஒரு திருத்தம். 'கணுவுக்குக் கணு தாவுகிறது' என்பதைப் படித்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரு கணுதான் துடிக்கிறது என்று நினைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். 10 மைக்ரோமீட்டர் தடிமனான மயலின் இழையில் வேகம் நொடிக்கு 60 மீட்டர். கணுக்களுக்கிடையே தூரம் தடிமனைப்போல் சுமார் 100 மடங்கு, அதாவது 1 மில்லிமீட்டர். ஒரு கணுவில் துடிப்பு அரை மில்லிசெகண்ட் நீடித்தால் அந்த நேரத்தில் அதன் முன்விளிம்பு 3 சென்டிமீட்டர் போய்விடும். ஒரே நேரத்தில் 30 கணுக்கள் துடிப்பின் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கின்றன! ஒன்றிரண்டு கணுக்கள் செயலிழந்தாலும் துடிப்பு தாண்டிப்போவது இதனால்தான்.

மயலின் செய்வது இரண்டு வேலை. கசிவைத் தடுக்கிறது, அதைவிட முக்கியம், கொள்திறனைக் குறைக்கிறது. 100 சுற்று என்றால் 200 சவ்வுகள் வரிசையில் அடுக்கியது போல, கொள்திறன் அந்த அளவுக்குச் சரியும். நிரப்ப வேண்டிய மின்னூட்டம் குறைவதால் அடுத்த கணு சீக்கிரம் வரம்பைத் தொடும். மயலின் இல்லாமல் இதே வேகம் வேண்டுமென்றால் ஆக்சான் சில மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், ஏனென்றால் உறையற்ற இழையில் வேகம் தடிமனின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஏறும். அப்படியானால் தண்டுவடம் உடம்புக்குள் அடங்காது. நம் உடலிலேயே உறையற்ற மெல்லிய வலி இழைகள் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். காலில் இடித்துக்கொண்டால் சுரீரென்ற வலி முதலிலும், மந்தமான வலி சற்றுப் பின்னாலும் வருவது இரண்டு வகை இழைகளின் வேக வேறுபாட்டால்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக: உயரம் மாறாது, எண்ணிக்கை மாறும். ஏட்ரியனும் சோட்டர்மனும் 1926-ல் தசையின் இழுவை உணர்விகளில் இதைக் காட்டினார்கள். எடை கூடக் கூட நொடிக்கான துடிப்புகள் கூடின. அதோடு பலமான தூண்டல், வரம்பு உயர்ந்த வேறு இழைகளையும் எழுப்பும். மூளைக்கு 'எத்தனை துடிப்பு, எந்தெந்த இழையில்' என்ற இரண்டும் கிடைக்கின்றன.

---

இருபது_நானோமீட்டர்

நாலாவது கேள்விக்கு வருகிறேன். சினாப்ஸில் நடப்பதை நேர வரிசையில் பார்த்தால்தான் அது சுற்று வழி இல்லை என்பது புரியும்.

துடிப்பு ஆக்சான் முனைக்கு வந்ததும் அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே கால்சியம் 1 மில்லிமோலுக்குச் சற்று மேல். உள்ளே 100 நானோமோல். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். வேறு எந்த அயனிக்கும் இப்படிச் செங்குத்தான சரிவு இல்லை. அதனால் கொஞ்சம் நுழைந்தாலே கால்வாயின் வாயருகில் பத்து முதல் நூறு மைக்ரோமோல் வரை போய்விடும். அந்த வாயை ஒட்டியே, 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் கட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பையின் சவ்வில் சினாப்டோபிரெவின், செல் சவ்வில் சின்டாக்சினும் எஸ்.என்.ஏ.பி.-25-உம். இந்த மூன்று புரதங்களும் முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு இழுத்துப் பிடித்திருக்கும். சினாப்டோடாக்மின் என்ற இன்னொரு புரதம் கால்சியத்தைப் பிடித்த கணத்தில் முறுக்கு முழுமையடைந்து பை திறக்கிறது. கால்சியம் நுழைந்ததிலிருந்து இதற்கு 0.2 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு பையில் சேதியைக் கடத்தும் வேதிப்பொருளின், அதாவது கடத்தியின், சில ஆயிரம் மூலக்கூறுகள். இடைவெளி 20 நானோமீட்டர்தான் என்பதால் கடக்க மைக்ரோசெகண்டுகள் போதும். மொத்தத் தாமதம் அரை மில்லிசெகண்ட் அளவு.

இதில் எல்லாரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம்: வெளியீடு கால்சியத்தின் நேர்விகிதத்தில் இல்லை, ஏறக்குறைய நான்காம் அடுக்கில் இருக்கிறது. கால்சியம் பாதியானால் வெளியீடு பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். இந்தச் செங்குத்துதான் சினாப்ஸுக்குப் பலவிதமாகத் திருத்தப்படும் வசதியைத் தருகிறது. கால்சியம் கால்வாயைச் சற்றே தொட்டால் போதும்.

வேலை முடிந்ததும் கடத்தியை உடனே அகற்ற வேண்டும். அசிட்டைல்கோலினை நொதி அங்கேயே வெட்டுகிறது. குளுட்டமேட்டை ஆஸ்ட்ரோசைட்டுகள் உறிஞ்சி குளுட்டமைனாக்கித் திருப்பித் தருகின்றன. டோபமைன், செரட்டோனின் வந்த செல்லுக்கே திரும்புகின்றன. அகற்றுவது தாமதித்தால், எதிர்ப்பக்கத்தில் கடத்தியைப் பிடிக்கும் ஏற்பிகள் களைத்து மூடிக்கொள்ளும். குளுட்டமேட்டாக இருந்தால் கால்சியம் அளவு மீறிப் புகுந்து செல்லையே கொல்லும். மூளைக்கு இரத்தம் நிற்கும்போது நடக்கும் சேதத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நேரடியாக ஒட்டிக்கொண்ட சினாப்ஸ்களும் இருக்கின்றன. கனெக்சின் புரதங்களால் ஆன துளைகள் வழியே, 3-4 நானோமீட்டர் இடைவெளியில், மின்னோட்டம் அப்படியே பாயும். தாமதம் இல்லை. விழித்திரையிலும் தண்டுமூளையின் கீழ் ஆலிவ் கருவிலும் பார்க்கலாம். பல செல்கள் ஒரே தாளத்தில் துடிக்க அது உகந்தது. ஆனால் அதனால் முடியாதவை பல. சின்ன நரம்பு முனையின் மின்னோட்டம் மாபெரும் தசை இழையை வரம்புக்குத் தூக்காது; வேதி சினாப்ஸ் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஒரு செல் துடித்தால் அடுத்ததை அடக்க வேண்டும் என்ற தலைகீழ் கட்டளையை மின் சினாப்ஸால் எளிதில் தர முடியாது. நீங்கள் இரண்டாவதாகக் கேட்ட ஒருதிசைப் போக்குக்கும் உண்மையான காவல் வேதி சினாப்ஸ்தான்: பைகள் ஒரு பக்கம், ஏற்பிகள் மறுபக்கம்.

---

விலங்கியல்_மாணவி

மிக்க நன்றி. 45,000-ல் ஒன்று என்ற கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

இரண்டு துணைக் கேள்விகள். ஒரு சினாப்ஸ் எத்தனை மில்லிவோல்ட் உயர்த்தும்? ஒன்றே போதுமா? அடுத்தது: காபா என்ற அடக்கும் கடத்தி குளோரைடு கால்வாயைத் திறக்கிறது, குளோரைடின் சமநிலையும் மைனஸ் 70 பக்கம் என்கிறார்கள். ஓய்வுநிலையும் அதுவே. அப்படியானால் மின்னழுத்தம் மாறவே மாறாதே, எப்படி அடக்குகிறது?

---

டென்ட்ரைட்_முள்

நரம்பும் தசையும் சேரும் இடத்தில் ஒன்றே போதும். ஒரு துடிப்புக்குப் பல டஜன் பைகள் திறந்து, வரம்புக்கு மேல் தாராளமாக உயர்த்தும். மூளைப் புறணியில் அப்படியில்லை. ஒரு இணைப்பு பெரும்பாலும் 1 மில்லிவோல்டுக்குக் கீழேதான் தரும். அதுவும் நிச்சயமில்லை, பல சினாப்ஸ்களில் துடிப்பு வந்தும் ஒரு பைகூடத் திறக்காமல் போவது சகஜம். ஓய்வுக்கும் வரம்புக்கும் 15 மில்லிவோல்ட் இடைவெளி என்பதால், சவ்வின் நேர மாறிலியான 10-20 மில்லிசெகண்டுக்குள் பல பத்து உள்ளீடுகள் சேர்ந்து வந்தாக வேண்டும். புறணியின் ஒரு பிரமிடு நியூரானில் உள்ளீடு வாங்கும் சிறு புடைப்புகளான டென்ட்ரைட் முட்கள் பல ஆயிரம் இருப்பதன் தேவை இதுதான். தூரத்து டென்ட்ரைட்டில் விழுந்த உள்ளீடு வழியில் தேய்ந்தும் போகும்.

காபா கேள்வி நல்ல கேள்வி. மின்னழுத்தத்தை மட்டும் பார்க்காமல் கடத்துதிறனைப் பாருங்கள், அதாவது அயனிகளுக்கு எவ்வளவு வழி திறந்திருக்கிறது என்பதை (அலகு நானோசீமன்ஸ்). சவ்வின் கசிவு 10 நானோசீமன்ஸ், அதன் இழுப்பு மைனஸ் 70-ஐ நோக்கி. கிளர்ச்சி தரும் குளுட்டமேட் கால்வாய்கள் 3 நானோசீமன்ஸ், அவற்றின் இழுப்பு 0-ஐ நோக்கி. எடையிட்ட சராசரி எடுத்தால் மைனஸ் 700-ஐ 13-ஆல் வகுக்க வேண்டும்: மைனஸ் 53.8. வரம்பைத் தாண்டியாயிற்று, செல் துடிக்கும். இப்போது காபா 10 நானோசீமன்ஸைத் திறக்கட்டும், இழுப்பு மைனஸ் 70-ஐ நோக்கி. மைனஸ் 1400-ஐ 23-ஆல் வகுத்தால் மைனஸ் 60.9. துடிக்காது. காபா மட்டும் தனியாக வந்திருந்தால் மின்னழுத்தமானியில் ஒன்றுமே தெரிந்திருக்காது. அது மின்னழுத்தத்தைக் கீழே தள்ளவில்லை, கிளர்ச்சியைக் கசியவிட்டது. செல் உடலைச் சுற்றியே பல அடக்கும் சினாப்ஸ்கள் உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை: டென்ட்ரைட்டிலிருந்து வரும் எல்லாமே அந்த வழியாகத்தான் தொடக்கப் பகுதிக்குப் போயாக வேண்டும்.

குளோரைடின் சமநிலை நிலையானது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கே.சி.சி.2 என்ற கடத்துப் புரதம் குளோரைடை வெளியேற்றுவதால்தான் அது அவ்வளவு கீழே இருக்கிறது. வளரும் மூளையில் அந்தப் புரதம் குறைவு. அங்கே காபா செல்லின் மின்னழுத்தத்தை மேலே ஏற்றும்.

---

மருந்தும்_நஞ்சும்

மேலே சொன்ன ஒவ்வொரு பாகமும் கெடும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால் அது மறக்கவே மறக்காது.

மயலின் உரிந்த இழையில் கொள்திறன் ஏறி, அடுத்த கணுவுக்கு வரம்பைத் தொடும் அளவு மின்னோட்டம் சேர்வதில்லை. மயலினை அரிக்கும் நோயான மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் உள்ள சிலருக்கு வெந்நீர்க் குளியலில் பார்வை மங்கி, உடல் குளிர்ந்ததும் திரும்புவதுண்டு. சூட்டில் சோடியம் கால்வாய்கள் சீக்கிரமே அடைபடுவதால் துடிப்பு குறுகி, ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் கடத்தல் நின்றுவிடுகிறது.

போட்யூலினம், டெட்டனஸ் இரண்டு நஞ்சும் நுண்பையை இழுக்கும் அதே புரதக் கூட்டத்தைத்தான் வெட்டுகின்றன. ஒன்று தசையைத் தளர்த்துகிறது, மற்றது விறைக்க வைக்கிறது. காரணம் இடம். போட்யூலினம் நரம்பு முனையிலேயே தங்கி அசிட்டைல்கோலினை நிறுத்துகிறது. டெட்டனஸ் நஞ்சு ஆக்சானுக்குள் ஏறி, டைனீன் என்ற மோட்டார் புரதம் செல் உடலை நோக்கி இழுத்துச்செல்லும் சரக்கோடு தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து அடக்கும் நியூரானுக்குத் தாவி, அதன் சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. அடக்கும் கை போனதும் தசை விடாமல் இறுகுகிறது.

நரம்பு-தசைச் சந்திப்பில் இரண்டு தன்னெதிர்ப்பு நோய்கள். மயஸ்தீனியாவில் தாக்கப்படுவது தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பி. நொடிக்கு 3 தடவை நரம்பைத் தூண்டினால், திறக்கும் பைகளின் எண்ணிக்கை இயல்பாகவே முதல் சில தடவைகளில் குறையும். நலமானவரில் உபரி இருப்பதால் தெரியாது. இங்கே உபரி இல்லாததால் தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் சரிகிறது. லாம்பர்ட்-ஈட்டனில் தாக்கப்படுவது நரம்பு முனையின் கால்சியம் கால்வாய். தொடக்கத்திலேயே பதில் சின்னது, ஆனால் 10 நொடி தசையை முழு பலத்தோடு இறுக்கிய பிறகு தூண்டினால் பதில் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் உயரும். முனையில் கால்சியம் எஞ்சிச் சேர்வதும், முன்னே சொன்ன நான்காம் அடுக்கும் சேர்ந்து செய்யும் வேலை அது.

கடைசியாக மரப்பு ஊசி. லிடோகெய்ன் சோடியம் கால்வாயை உள்பக்கத்திலிருந்து அடைக்கிறது. சவ்வைக் கடக்க மின்னூட்டமற்ற வடிவம் வேண்டும். அடைப்பதில் பெரும்பங்கு மின்னூட்டமுள்ள வடிவத்துக்கு. அதன் பி.கே.ஏ. (இரண்டு வடிவமும் சரிபாதியாக இருக்கும் பி.ஹெச்.) 7.9. திசுவின் பி.ஹெச். 7.4 என்றால் கடக்கக்கூடிய வடிவம் 24 சதவீதம். சீழ்பிடித்த இடத்தில் பி.ஹெச். 6.9-க்கு இறங்கினால் அது 9 சதவீதம்தான். வீங்கிய பல்லுக்குப் பக்கத்தில் போட்ட ஊசி சரியாக மரக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் வீக்கத்தைத் தாண்டி, நரம்பு வரும் வழியில் தள்ளிப் போடுகிறார்கள்.

---

அயனிக்கணக்கு

ஒரு சேர்க்கை. என் கணக்கு 20 மைக்ரோமீட்டர் செல்லுக்கு. 0.2 மைக்ரோமீட்டர் மெல்லிய ஆக்சானில் பரப்போடு ஒப்பிட்டால் கன அளவு மிகச் சிறியது. அங்கே ஒரு துடிப்புக்குச் சோடியம் 0.2 மில்லிமோல் ஏறும். உள்ளே இருப்பது 12 என்றால் 60 துடிப்பில் இரட்டிப்பாகும். அந்த மாதிரி இழைகளில் பம்ப் சில நொடிகூட ஓய முடியாது. மூளையின் ஆற்றல் செலவில் பெரும்பகுதி பம்புகளுக்கே போவதற்கு இந்த மெல்லிய இழைகளும் சினாப்ஸ்களும்தான் காரணம்.